இலுப்பைத் தோப்பு விருந்து

முள்ளோடைக் காட்டில் ஒரு கோடையில் கோமாரி நோய் பரவியது.

அடிவாரத்திலிருந்து மேய வந்த மாடுகள் அதைக் கொண்டுவந்தன. முதலில் புள்ளிமான்களுக்கு வாய் புண்ணானது. பிறகு கடமான்களுக்குக் குளம்பு வெடித்தது. நோய் கண்ட விலங்கு வாயில் நுரை தள்ள நிற்கும். புல் முன்னால் இருக்கும், கடிக்க முடியாது. தண்ணீர் பக்கத்தில் இருக்கும், நடக்க முடியாது.

அந்தக் காட்டுக்குத் தலைவன் திமிலன் என்ற காட்டெருது. பெரிய உடம்பு, கனத்த குரல். எல்லா விலங்குகளும் சேர்ந்து தேர்ந்தெடுத்த தலைவன். நோய் பரவுவதைக் கண்டதும் திமிலன் பாறைத் திடலில் ஏறி நின்று பேசியது.

“கேளுங்கள்! இந்த நோய் மூச்சில் பரவும். எச்சிலில் பரவும். காலில் ஒட்டிக்கொண்டும் போகும். இன்றுமுதல் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு சேரக் கூடாது. இலுப்பைத் தோப்புக்கு யாரும் போகக் கூடாது. பூ விழுகிற காலம், எல்லாரும் அங்கேதான் கூடுவீர்கள். நோய் கண்டவர்கள் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட வேண்டும். அவர்களைப் பார்க்க யாரும் போகக் கூடாது!”

“பெற்ற தாய்கூடவா?” என்று ஒரு மான் கேட்டது.

திமிலனின் கண் கலங்கியது.

“பெற்ற தாய்கூட!” என்றது.

அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. அன்று திமிலன் மனதாரத்தான் சொன்னது.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து சடைச்சி என்ற கரடி எழுந்தது. “தலைவரே, எனக்குக் குளம்பே கிடையாது. இந்த நோய் என்னைத் தொடாது. நான் இலுப்பைப் பூ தின்றால் யாருக்கு என்ன?”

“உனக்கு வராது, சடைச்சி. ஆனால் நீ அதைக் காலில் சுமந்து போய் மான்களுக்குக் கொடுத்துவிடுவாய்!”

“வருஷம் முழுக்க நான் காத்திருப்பது அந்தப் பூவுக்குத்தான்!”

“எனக்கும் பிடிக்கும். நானும்தான் விடுகிறேன்!” என்றது திமிலன்.

கரடி முனகிக்கொண்டே உட்கார்ந்தது. ஆனால் சொன்னபடி கேட்டது. தோப்பிலிருந்து காற்றில் பூ வாசம் வரும்போதெல்லாம் அது குகைக்குள் போய் மூக்கை மண்ணில் புதைத்துக்கொண்டு படுத்தது.

ஓடைத் துறையில் கட்டையன் என்ற காட்டுப்பன்றி காவல் நின்றது. முரட்டுப் பன்றி. தலைவன் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. அதன் கோரைப் பற்களைப் பார்த்தாலே எவரும் திரும்பிப் போய்விடுவார்கள்.

கடமான் கூட்டத்தில் மருதி என்ற தாய்மான் இருந்தது. அதற்குத் துள்ளன் என்று ஒரே மகன். அப்போதுதான் கொம்பு முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் துள்ளனின் வாயில் நுரை கண்டது. மருதி அதை நக்கித் துடைக்கப் போனது.

துள்ளன் பின்னால் நகர்ந்தது. “வேண்டாம் அம்மா! உனக்கும் வந்துவிடும். நான் அக்கரைக்குப் போகிறேன்.”

“நான் துறைவரை வருகிறேன்.”

“தள்ளியே வா!”

தாயும் மகனும் இடைவெளி விட்டு நடந்தார்கள். துள்ளன் ஓடையைத் தாண்டி ஒரு புங்க மரத்தின் கீழே படுத்தது. மருதி இக்கரையிலேயே நின்றது. அன்று முழுவதும் நின்றது. மறுநாளும் நின்றது. புல் மேயக்கூடப் போகவில்லை.

ஒரு மாலையில் துள்ளன் தலையைத் தூக்கிக் கூப்பிட்டது. “அம்மா, தண்ணீர்!”

ஓடை அதன் காலடியிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.

மருதி தண்ணீரில் காலை வைத்தது. கட்டையன் குறுக்கே வந்து நின்றது.

“மருதி, பின்னால் போ!”

“அண்ணே, வாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். அவ்வளவுதான்!”

“முடியாது. தலைவர் உத்தரவு.”

“அது என் பிள்ளை அண்ணே! கூப்பிடுவது உங்கள் காதில் விழவில்லையா?”

“விழுகிறது. நான் இங்கே பல தாய்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன்னை மட்டும் எப்படி விடுவது? நீ போய்விட்டு வந்தால் உன் கூட்டமே செத்துப்போகும். உன் தங்கை வயிற்றில் குட்டி இருக்கிறது, மறந்துவிட்டாயா?”

மருதி நினைத்தால் பாய்ந்திருக்கலாம். பன்றியைவிட அதன் கால் வேகமானது. ஆனால் தங்கையை நினைத்தது. திடலில் கண் கலங்கி நின்ற தலைவனை நினைத்தது. இவ்வளவு பேர் பிழைப்பதற்குத்தானே இந்தக் கட்டுப்பாடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தது.

“துள்ளா, அம்மா இங்கேதான் இருக்கிறேன்!” என்று கத்தியது. “கண்ணை மூடிப் படுத்துக்கொள். விடிந்தால் சரியாகிவிடும்!”

விடிந்தபோது துள்ளன் உயிரோடு இல்லை.

அன்றே இந்தச் செய்தி திமிலனுக்குப் போனது. அது பாறைத் திடலில் ஏறி, தூரத்தில் தனித்தனியாக நின்ற கூட்டங்களைப் பார்த்துப் பேசியது. “மருதியைப் பாருங்கள்! பெற்ற பிள்ளை தண்ணீர் கேட்டும் அவள் ஓடையைத் தாண்டவில்லை. இந்தக் காடு பிழைக்குமானால் அது மருதி போன்றவர்களால்தான்!”

விலங்குகள் தலை குனிந்தன. மருதியும் கேட்டது. துக்கத்துக்கு நடுவே அந்தச் சொல் அதற்குப் பிடிமானமாக இருந்தது. என் பிள்ளை வீணாகச் சாகவில்லை என்று நினைத்துக்கொண்டது.

நோய் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அக்கரையில் கிடந்தவர்களில் சிலர் எழுந்து நடந்து வந்தார்கள். புதிதாக யாருக்கும் நுரை தள்ளவில்லை. மருதியின் தங்கை நல்லபடியாகக் குட்டி போட்டது. கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பக்கத்துக் காடுகளில் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தார்கள். முள்ளோடைக் காட்டில் இழப்பு குறைவு. அதற்குக் காரணம் திமிலன்தான் என்று எல்லாரும் பேசினார்கள். அது உண்மையும்கூட.

அப்போதுதான் கரடி சடைச்சி இலுப்பைத் தோப்புக்குப் போனது.

உதிர்ந்து காய்ந்த பூவாவது கிடைக்கும் என்ற ஆசையில் ஓடியது. அங்கே மரத்தடியில் ஒரு பூ இல்லை. தரை துடைத்துவிட்டது போல இருந்தது. அங்கிருந்த நீரூற்றைச் சுற்றிலும் சேறு காய்ந்து இறுகியிருந்தது. அதில் குளம்புத் தடங்கள்! காட்டெருதின் பெரிய தடம், புள்ளிமானின் சின்னத் தடம், பன்றியின் தடம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவே மிதிபட்ட மயிலிறகு ஒன்று.

சடைச்சிக்கு நியாயம், அநியாயம் என்றெல்லாம் தோன்றவில்லை. பூ போன கோபம்தான்.

“என் பூவை யார் தின்றது?” என்று காடெல்லாம் கத்திக்கொண்டே வந்தது. “நான் குகைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். இங்கே யாரோ கூட்டமாக விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்!”

கரடியின் சத்தம் தலைவனின் காதுக்கும் போனது. தலைவனின் பேச்சைக் காட்டுக்குச் சொல்லும் வேலை சிகாமணி என்ற மயிலுடையது. அது ஒரு கிளையில் ஏறிக்கொண்டு தோகையை ஒதுக்கிவிட்டுச் சிரித்தது.

“தோப்பில் எந்தக் கூட்டமும் நடக்கவில்லை!” என்றது. “அது நோய் வருவதற்கு முன்பு பதிந்த தடம்.”

“பூ விழத் தொடங்கும்போதே நோய் வந்துவிட்டதே! முன்பு வந்தவன் எந்தப் பூவைத் தின்றான்?” என்றது சடைச்சி.

“காற்றில் அடித்துக்கொண்டு போயிருக்கும்.”

“உன் இறகும் காற்றில்தான் அங்கே போனதா?”

“இறகு என்றால் காற்றில் பறக்காதா!” என்றது மயில்.

சில விலங்குகள் சிரித்தன. சில யோசித்தன. சடைச்சி விடவில்லை. சந்தித்தவர்களையெல்லாம் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தடத்தைக் காட்டியது. “இது யார் கால்? இவ்வளவு பெரிய குளம்பு இந்தக் காட்டில் யாருக்கு உண்டு?”

அதைத் தடுத்தது யார் தெரியுமா? மருதி!

மருதி கரடியின் முன்னால் போய் நின்றது. “வாயை மூடு சடைச்சி! ஒரு வாய் பூவுக்காகத் தலைவர் மேல் பழி போடுகிறாயா? எங்களைக் காப்பாற்றியவர் அவர். அவர் கண் கலங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் அப்படிச் செய்ய மாட்டார். செய்யவே மாட்டார்!”

கரடி மருதியைப் பார்த்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

ஆனால் பேச்சு நிற்கவில்லை. ‘அங்கே கூட்டமே நடக்கவில்லை’ என்று முதலில் சொன்ன மயில், சில நாள் கழித்து, ‘தலைவர் ஆலோசகர்களோடு நோயைப் பற்றிப் பேசத்தான் அங்கே போனார்’ என்றது. அப்படியானால் பூவைத் தின்றது யார் என்று புள்ளிமான்கள் கேட்டன. மயில் வேறு கிளைக்குப் பறந்துவிட்டது. கடைசியில் திமிலனே வாயைத் திறக்க வேண்டி வந்தது.

“நான் விசாரித்துவிட்டேன்,” என்றது திமிலன். “துறையில் காவல் நின்ற கட்டையன்தான் தன் பன்றிக் கூட்டத்தோடு தோப்பில் புகுந்திருக்கிறான். நம்பிக்கைத் துரோகம்! இன்றோடு அவனுக்குக் காவல் வேலை கிடையாது!”

இதைக் கேட்டதும் மருதிக்கு ரத்தம் கொதித்தது. என்னைத் தண்ணீரிலிருந்து விரட்டிய பன்றியா தோப்பில் விருந்து சாப்பிட்டது? நேராகக் கட்டையன் இருக்கும் புதருக்குப் போனது.

“வெளியே வா!” என்றது. “அன்றைக்கு உன்னை அண்ணே என்று கூப்பிட்டேனே! என் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க விடாமல் நின்றாய். நீ மட்டும் வயிறு முட்டத் தின்றாயா?”

கட்டையன் வெளியே வந்தது. அதன் முகத்தில் முரட்டுத்தனம் இல்லை.

“ஒரு பூகூட நான் தின்னவில்லை,” என்றது. “அங்கே நான் நின்றது உண்மை. காவலுக்கு நின்றேன்.”

“யாருக்குக் காவல்?”

“தலைவருக்கு.”

மருதி ஓர் அடி பின்வாங்கியது.

“பூ விழுந்து ஓய்ந்திருந்த சமயம், சிகாமணிக்குப் புதுத் தோகை வளர்ந்திருந்தது. அதைக் கொண்டாட வேண்டும் என்றார்கள். தலைவர், மயில், புள்ளிமான் ஆலோசகர், இன்னும் சிலர். யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள் என்று தலைவர் என்னைக் கூப்பிட்டார். தம்பியைத் துறையில் நிறுத்திவிட்டுப் போனேன்.”

“எப்போது?”

கட்டையன் தரையைப் பார்த்தது. “உன்னைத் திருப்பி அனுப்பினேனே, அந்த மாலைதான். நீ இக்கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தாய். நான் அங்கிருந்து நேராகத் தோப்புக்குத்தான் போனேன்.”

“பொய்!” என்று மருதி கத்தியது. “வேலை போன கோபத்தில் பேசுகிறாய்!”

“வேலை போகாவிட்டால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன், அது உண்மை. அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை. ஆனால் நான் சொன்னதில் பொய் கிடையாது. நம்பிக்கை இல்லாவிட்டால் தலைவரையே போய்க் கேள்.”

மருதி அங்கிருந்து நடந்தது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் வெகுதூரம் நடந்தது. பன்றி சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று அதன் மனது கெஞ்சியது. தலைவன் தவறு செய்தது என்றால், அன்றைக்குத் தண்ணீரில் வைத்த காலைப் பின்னால் எடுத்தது எதற்காக?

அடுத்த நாள் பாறைத் திடலில் பெரிய விழா நடக்க இருந்தது. திமிலனுக்குக் ‘காடு காத்தவர்’ என்ற பட்டம் கொடுப்பதாக ஏற்பாடு. காட்டுக்கொடியில் கட்டிய மாலையைத் தலைவனின் கழுத்தில் போடுவதற்கு மருதியைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அது மயிலின் யோசனை. ‘மருதி மாலை போட்டால் கரடியின் பேச்சு அடங்கிவிடும்’ என்று அது கணக்குப் போட்டிருந்தது.

அன்றே மருதி தனியாகத் திமிலனிடம் போனது. திமிலன் மூங்கில் நிழலில் அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தது.

“வா மருதி! நாளைக்கு வருகிறாய் அல்லவா?”

“ஒன்று கேட்க வந்தேன் தலைவரே. துள்ளன் செத்ததற்கு முந்தின மாலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

திமிலன் அசை போடுவதை நிறுத்தியது.

“கட்டையன் சொன்னானா?”

“நீங்கள் சொல்லுங்கள்.”

திமிலன் சுற்றிலும் பார்த்தது. யாரும் இல்லை. பெருமூச்சு விட்டது. “கொஞ்ச நேரம்தான், மருதி. எல்லாரும் களைத்துப் போயிருந்தார்கள். தினமும் சாவுச் செய்தி. சிகாமணி சோர்ந்து கிடந்தான். ஒரு மாலை சிரிக்கட்டுமே என்று கூப்பிட்டேன். யாருக்கும் நோய் வரவில்லையே!”

“அந்த மாலை நான் ஓடையைத் தாண்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?”

“அது வேறு...”

“என்ன செய்திருப்பீர்கள், தலைவரே?”

திமிலன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சட்டம் எல்லாருக்கும் தெரியும். உத்தரவை மீறி ஓடையைத் தாண்டியவர்களைக் காட்டைவிட்டே துரத்தினார்கள்.

“மறுநாள் திடலில் நின்று என்னைப் புகழ்ந்தீர்கள்,” என்றது மருதி. “அப்போது உங்கள் வாயில் பூ வாசம் இருந்திருக்குமே.”

திமிலன் எழுந்து நின்றது. குரலைத் தணித்துக்கொண்டு பேசியது. “நான் செய்தது தவறு. உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை வெளியே சொல்லாதே. எனக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு இன்னொரு நோய் வரும். அப்போது தலைவன் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். அதில் எத்தனை பிள்ளைகள் சாகும், யோசித்துப் பார்! வடக்குப் புல்வெளி முழுவதையும் உன் கூட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். நாளைக்கு வந்து மாலையை மட்டும் போடு.”

மருதி திரும்பிப் போனது. புல்வெளியைப் பற்றி அது நினைக்கவே இல்லை. ஆனால் இன்னொரு நோய் வரும் என்ற வார்த்தை அதை உறுத்தியது. அதில் நியாயம் இருப்பது போலவும் தோன்றியது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தது.

விழா நாளில் திடல் நிறைந்துவிட்டது. நோயிலிருந்து எழுந்தவர்கள் முன் வரிசையில் நின்றார்கள். சிலருக்குக் குளம்பு இன்னும் ஆறவில்லை. மயில் தோகையை விரித்துக்கொண்டு பேசியது.

“யார் என்ன அவதூறு சொன்னாலும் நம் தலைவர் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை! இதோ, தியாகத் தாய் மருதி தன் வாயாலேயே மாலையைக் கொண்டுவந்து போடுவார்!”

மருதி மாலையைக் கவ்விக்கொண்டு பாறையில் ஏறியது. திமிலன் கழுத்தைத் தாழ்த்தியது.

தாழ்த்தியவாறே கூட்டத்துக்குக் கேட்கும்படி, “கட்டையன் என்னைப் பற்றிச் சொன்ன பொய்க்கு மருதியே பதில் சொல்லட்டும்!” என்றது.

பொய் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் மருதியின் தயக்கம் போய்விட்டது. மாலையைப் பாறையில் இறக்கி வைத்தது.

“கட்டையன் சொன்னது பொய் இல்லை,” என்றது. “நேற்று மூங்கில் நிழலில் தலைவரே என்னிடம் ஒத்துக்கொண்டார். என் பிள்ளை தண்ணீர் கேட்டுக் கூப்பிட்ட அந்த மாலையில் அவர் தோப்பில் பூ தின்றுகொண்டிருந்தார்.”

திடல் முழுவதும் திமிலனின் பக்கம் திரும்பியது.

“துக்கத்தில் அவள் எதையோ உளறுகிறாள்!” என்று திமிலன் கத்தியது. “சிகாமணி! சொல், அன்று என்ன நடந்தது?”

எல்லாரும் மயிலைப் பார்த்தார்கள். முன் வரிசையில் நின்ற விலங்குகளின் முகத்தை மயில் பார்த்தது. அதன் தோகை மெல்ல மடங்கியது.

“தலைவர் கூப்பிட்டார். நான் போனேன்,” என்றது. “நானாகப் போகவில்லை. அவர்தான் கூப்பிட்டார்!”

புள்ளிமான் ஆலோசகர் பாறையிலிருந்து கீழே இறங்கியது. “என்னையும் அவர்தான் கூப்பிட்டார். இந்த வேலையே எனக்கு வேண்டாம்!” என்று சொல்லிவிட்டுத் தன் கூட்டத்துக்குள் புகப் பார்த்தது. கூட்டம் வழிவிடவில்லை. மற்ற ஆலோசகர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அதுவரை தலைவனை ஒட்டி நின்றவர்கள் யாரும் இப்போது அதன் பக்கத்தில் இல்லை.

“தலைவரே, இறங்குங்கள்!” என்று ஒரு குரல் வந்தது. பிறகு பல குரல்கள் வந்தன.

திமிலன் பாறையில் குளம்பை ஓங்கி அடித்தது. “நன்றி கெட்டவர்களே! ஒரு மாலை பூ தின்றதற்கா இவ்வளவு? பக்கத்துக் காட்டைப் போய்ப் பாருங்கள். எலும்பாகக் கிடக்கிறார்கள். உங்களைக் காப்பாற்றியது யார்?”

கூட்டம் அடங்கிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதில்லை.

மருதிதான் சொன்னது. “கட்டுப்பாடு நீங்கள் சொன்னதுதான். நல்ல கட்டுப்பாடு. ஆனால் சொன்னதால் யாரும் பிழைக்கவில்லை, தலைவரே. கேட்டு நடந்ததால் பிழைத்தோம். நடந்தவர்கள் நாங்கள். நான் நடந்தேன். இந்தச் சடைச்சி நடந்தாள், அவளுக்கு அந்த நோய் வரவே வராது, ஆனாலும் நடந்தாள். நீங்கள்தான் நடக்கவில்லை.”

கரடி தலையைக் குனிந்துகொண்டது. அதுவரை தன் பூவைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததற்கு அதற்கு வெட்கமாக இருந்தது.

திமிலன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. கடைசியில் குரல் உடைந்து வந்தது. “நான்தான் கூப்பிட்டேன். நான்தான் தின்றேன். கட்டையன் மேல் பழி போட்டதும் நான்தான். மன்னித்துவிடுங்கள். இன்னும் ஒரு தடவை எனக்கு வாய்ப்புக் கொடுங்கள்!”

விலங்குகள் மருதியைப் பார்த்தன.

“கரடி கேட்ட முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே,” என்றது மருதி. அதன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. “நான் அழுதிருப்பேன். உங்களைத் திட்டியிருப்பேன். ஆனால் இறங்கச் சொல்லியிருக்க மாட்டேன். நான் உங்களுக்காகச் சண்டை போட்டேனே! அதைப் பார்த்துக்கொண்டும் சும்மா இருந்தீர்களே! இனி நீங்கள் சொல்கிற எதை நான் நம்புவது?”

திமிலன் மாலையைத் தாண்டி நடந்தது. பாறையிலிருந்து இறங்கியது. யாரும் அதை விரட்டவில்லை, முட்டித் தள்ளவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அத்தனை பேருக்கு நடுவே அது தனியாக நடந்து மேற்கு மலைப் பக்கம் போய்விட்டது. பிறகு அதை யாரும் திடல் பக்கம் பார்க்கவில்லை.

கட்டையன் தன் காவல் வேலையைத் திருப்பிக் கேட்டது. “உண்மையை நான்தானே சொன்னேன்!” என்றது. “வேலை போன பிறகுதானே சொன்னாய்!” என்று சொல்லிக் காடு மறுத்துவிட்டது. மயிலின் பேச்சை அதற்குப் பிறகு யாரும் நின்று கேட்கவில்லை. மருதியின் கூட்டத்தார், “மனசு ஆறியதா?” என்று அதைக் கேட்டார்கள். “இல்லை,” என்றது மருதி. “ஆனால் பொய்க்கு மாலை போட்டிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.”

அடுத்து ஒரு பெண் யானையைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல யானை, நேர்மையான யானை. அது பதவிக்கு வந்த சில மாதங்களில் தெற்குச் சரிவில் காட்டுத்தீ பிடித்தது.

“எல்லாரும் உடனே வடக்கே போங்கள்!” என்று யானை பிளிறியது.

முன்பெல்லாம் தலைவன் ஒரு குரல் கொடுத்தால் காடே நகரும். இப்போது ஒருவரும் அசையவில்லை. “நிஜமாகவே தீயா?” என்றது ஒரு மான். “நம்மை அனுப்பிவிட்டு இங்கே யார் மேயப் போகிறார்கள்?” என்றது இன்னொன்று.

யானைக்குக் கோபம் வரவில்லை. காரணம் அதற்குத் தெரியும். புகை கண்ணை எரிக்க, அது ஒவ்வொரு கூட்டமாகப் போய் நின்று, “என்னோடு வந்து பாருங்கள்!” என்று கூட்டிக்கொண்டு போய்த் தீயைக் காட்டியது. கண்ணால் பார்த்த பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள். கடைசிக் கூட்டம் வடக்கே போய்ச் சேரும்வரை யானை தெற்கிலேயே நின்றது. அதற்குள் அதன் முதுகில் தீக்காயம் பட்டுவிட்டது. உயிர் தப்பாத முயல்களும் உண்டு.

ஊருக்கு ஒரு சட்டம் சொல்லிவிட்டுத் தான் அதை மீறி, மீறியதைப் பொய்யால் மறைக்கும் தலைவன் தன் பதவியை மட்டும் இழப்பதில்லை, தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வேண்டிய நம்பிக்கையையும் சேர்த்தே அழித்துவிட்டுப் போகிறான்.